முப்பதை நெருங்கும் ரக்பி லீக் முன்கள வீரர்: தங்குவதா, கிளம்புவதா, நிறுத்துவதா?

ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் போட்டியான என்ஆர்எல்லில் நவம்பர் 1 முக்கியமான நாள். ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டுக்குள் நுழையும் வீரர்கள் அன்றிலிருந்து வேறு கிளப்புகளோடு பேசலாம். பத்திரிகைகள் ஆட்டத்தை நடத்தும் ஹாஃப்பேக்கையும் கடைசிக் காவலாக நிற்கும் ஃபுல்பேக்கையும் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதும். என் மனம் எப்போதும் போவது முன்கள வீரர்கள் பக்கம். 27, 28 வயதில் இருக்கும் ஒரு முன்கள வீரர் அன்று போடுகிற கையெழுத்தில் அவருடைய ஐம்பதாவது வயதும் அடங்கியிருக்கிறது. படியேற முழங்கால் இடம் கொடுக்குமா, பேரப் பிள்ளையைத் தூக்கத் தோள் இடம் கொடுக்குமா என்பதெல்லாம் அங்கேதான் பாதி முடிவாகிறது.

அவர் முன்னால் பொதுவாக நான்கு வழிகள். இருக்கிற கிளப்பிலேயே நீண்ட ஒப்பந்தம் போடலாம். இங்கிலாந்தின் சூப்பர் லீக்குக்குப் போகலாம். ரக்பி யூனியனுக்கு மாறலாம். உடம்பு எச்சரித்துவிட்டது என்றால் நிறுத்திவிடலாம். நான்கு வழியிலும் ஏற்கெனவே நடந்து போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வைத்தே எடை போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் இந்த வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது. லீக்கில் பக்கத்துக்கு 13 பேர். அதில் ஆறு பேர் முன்களம்: 8, 10 எண் சட்டை போட்ட இரண்டு ப்ராப்கள், 9 ஹூக்கர், 11, 12 செகண்ட் ரோ, 13 லாக். தாக்கும் அணிக்கு ஆறு முறை பிடிபடும் வரை பந்து உண்டு. ஒவ்வொரு பிடிக்குப் பிறகும் தடுக்கும் அணி 10 மீட்டர் பின்வாங்கி நின்று, மறுபடி முன்னால் பாய்ந்து வரும். கபடியில் ரெய்டர் பிடியிலிருந்து நழுவிக் கோட்டைத் தொடப் பார்ப்பார். லீக்கில் ப்ராப், பிடிபடப் போகிறோம் என்று தெரிந்தே ஓடுகிறார். மூன்று பேர் மேலே விழுவதற்குள் எத்தனை மீட்டர் போனார், விழுந்தபின் எவ்வளவு சீக்கிரம் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டினார் என்பதுதான் அவர் கணக்கு. நல்ல ப்ராப் ஒரு ஆட்டத்தில் 15, 20 தடவை இப்படி ஓடுவார், 30 தடவை மற்றவரைப் பிடித்து வீழ்த்துவார். எடை 110 கிலோ இருக்கும். எதிரில் வருபவரும் அதே எடை. வழக்கமான பருவத்தில் மட்டும் இப்படி 24 ஆட்டங்கள்.

முன்களத்துக்குள்ளேயே வேலை ஒன்றல்ல. நடுவில் ஆடும் ப்ராப் பெரும்பாலும் இரண்டு தவணையாக 50 நிமிடம் ஆடுவார். என்ஆர்எல்லில் ஆள் மாற்றும் எண்ணிக்கை 2016 இல் 10 இலிருந்து 8 ஆகக் குறைந்ததால் அந்தத் தவணைகள் இன்னும் கடினமாகிவிட்டன. ஓரத்தில் ஆடும் செகண்ட் ரோ வழக்கமாக 80 நிமிடமும் நிற்பார். ஆனால் நடுவில் விழுகிற அளவுக்கு அவருக்கு முட்டல் விழாது. யாருக்கு எந்த வழி என்று பார்க்கும்போது இந்த வித்தியாசம் திரும்பத் திரும்ப வரும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். முன்கள வீரர் பணத்தைப் பார்த்துப் போகிறார் என்று ரசிகர்கள் கோபப்படுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. இந்த ஆட்டமே பணக் கேள்வியில் பிறந்ததுதான். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் வட இங்கிலாந்துக் கிளப்புகள் கூடி, ரக்பி யூனியனிலிருந்து பிரிந்தன. ஆட்டக்காரர்களில் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை ஆடப் போனால் கூலி போகும். அந்த இழந்த கூலியைக் கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் சண்டை. உடம்பை வைத்து ஆடுபவனுக்கு அதன் விலை போய்ச் சேர வேண்டும் என்று சொல்லித்தான் லீக் உண்டானது. இன்றைக்கு ஒரு ப்ராப் அதே விலையைக் கேட்டால் எப்படித் தப்பாகும்?

சரி, முதல் வழிக்கு வருவோம். இருக்கிற இடத்திலேயே தங்குவது.

இதில் எல்லோரும் சொல்லும் பெயர் ஜேசன் டாமலோலோ. ஆக்லாந்தில் பிறந்தவர், 17 வயதில் நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ் அணிக்காக முதல் ஆட்டம் ஆடினார். 2015 இல் அந்த அணி முதல் முறையாகக் கோப்பை வென்றபோது அதில் இருந்தார். 2016 இல் ஆண்டின் சிறந்த வீரருக்கான டாலி எம் பதக்கத்தைக் கூப்பர் குரோங்க்குடன் பகிர்ந்துகொண்டார். 2017 இல் கிளப் அவரோடு பத்து ஆண்டு ஒப்பந்தம் போட்டது. மதிப்பு சுமார் 10 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் என்று செய்திகள் சொல்லின. எந்த வாரம் முழங்கால் போகும் என்று தெரியாத வேலையில் பத்து வருஷம் உறுதி என்பது பெரிய விஷயம். அவர் எடுத்த முடிவு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. என்ஆர்எல் கிளப் ஒவ்வொன்றுக்கும் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. 2023 நிலவரப்படி 30 வீரர்களுக்குச் சேர்த்து சுமார் 12 மில்லியன் டாலர். அதில் ஒருவர் ஒரு மில்லியன் எடுத்தால், மற்ற 29 பேருக்கு மிச்சம் குறைகிறது என்று ஊரே கணக்குப் போடும். 23 வயதில் சராசரியாக 200 மீட்டர் ஓடிய உடம்பு 30 வயதில் அதே மாதிரி ஓடாது. டாமலோலோவின் ஆட்ட நிமிடங்கள் பின்னாளில் குறைந்தபோது, பேச்சு அடிக்கடி அந்த ஒப்பந்தத்துக்கே திரும்பியது. நீண்ட ஒப்பந்தம் போடுபவர் இதைத் தாங்கும் மனதையும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

தங்க நினைத்தாலும் கிளப் விடுமா என்பது இன்னொரு கேள்வி. ஃபிஜியில் பிறந்த பெட்டெரோ சிவோனிசெவா பிரிஸ்பேன் பிராங்கோஸின் தூண். 2007 முடிவில் பென்ரித் கிளப் கொடுத்ததற்கு ஈடாக பிரிஸ்பேன் கொடுக்கவில்லை. அப்போது அவருக்கு 31 வயது. முப்பது தாண்டிய ப்ராப் என்றால் கிளப்புகள் பின்வாங்குவது வழக்கம். அவர் பென்ரித்துக்குப் போய் நான்கு பருவம் ஆடினார். 2012 இல், முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகு, பிரிஸ்பேனுக்கே திரும்பி வந்து கடைசிப் பருவத்தை ஆடி முடித்தார். கிளப்பின் கணிப்பை விட அவர் உடம்பு நீண்டு உழைத்தது. க்ரோனுல்லாவின் பால் காலன் கதை வேறு மாதிரி. 2001 முதல் 2019 வரை ஒரே கிளப்பில் 348 ஆட்டங்கள். 1967 இல் போட்டிக்குள் வந்த அந்தக் கிளப்புக்கு முதல் கோப்பை 2016 இல்தான் கிடைத்தது, மெல்பர்னை 14-12 என்று வென்று. அதற்காக அணித்தலைவர் காலன் பதினைந்து ஆண்டு காத்திருந்தார். எல்லோருக்கும் அந்த 2016 வாய்க்காது.

தங்குவதில் பணத்துக்கு அப்பாற்பட்ட லாபம் ஒன்று உண்டு. என்ஆர்எல் வீரர்களில் சரிபாதிக்கு அருகில் பசிபிக் தீவு வம்சாவளியினர். முன்களத்தில் அவர்கள் இன்னும் கண்ணில் படுவார்கள். அவர்களில் பலருக்கு ஒப்பந்தம் என்பது தனி ஆள் விஷயம் கிடையாது. தாய் தகப்பன், தம்பி தங்கை, தீவில் இருக்கும் சித்தப்பா குடும்பம் வரை அதில் பங்கு. 2017 உலகக் கோப்பைக்கு முன் டாமலோலோ நியூசிலாந்தையும், ஆண்ட்ரூ ஃபிஃபிடா ஆஸ்திரேலியாவையும் விட்டுவிட்டு டோங்காவுக்கு ஆட வந்தார்கள். ஆட்டத்துக்குக் கிடைக்கும் தொகையில் பெரிய இழப்பு. ஹாமில்டனில் நியூசிலாந்துக்கு எதிராக இடைவேளையில் 2-16 என்று பின்தங்கியிருந்த டோங்கா 28-22 என்று வென்றது. மைதானம் முழுக்கச் சிவப்புக் கொடி. அரையிறுதியில் இங்கிலாந்திடம் இரண்டே புள்ளியில் தோற்றார்கள். ஆண்டுதோறும் குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ஆட்டங்களும் என்ஆர்எல்லில் இருப்பவருக்குத்தான் கைக்கெட்டும். வெளியே போனால் அது நடைமுறையில் முடிந்த கதை.

இரண்டாவது வழி, இங்கிலாந்து. ஆஸ்திரேலிய ரசிகர்கள் இதை ஓய்வுக்கு முந்தைய உல்லாசப் பயணம் மாதிரிப் பேசுவார்கள். அது தவறான பார்வை என்பது என் கருத்து.

பணக் கணக்கு முதலில். சூப்பர் லீக்கில் கிளப்பின் சம்பள உச்சவரம்பு 2.1 மில்லியன் பவுண்டு. ஆஸ்திரேலிய டாலராக மாற்றினால் என்ஆர்எல் வரம்பில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். குறிப்பிட்ட சில நட்சத்திரங்களின் சம்பளம் வரம்பில் முழுதாகச் சேராமல் இருக்க ஒரு விதி உண்டு, அந்த இடம் கிடைத்தால் நல்லது. கிடைக்காத நடுத்தர ப்ராப்புக்கு 28 வயதில் அங்கே போவது நஷ்டம். 31 வயதில் கணக்கு மாறிவிடும். அந்த வயதில் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆண்டு ஒப்பந்தம் கிடைத்தாலே பெரிது. இங்கிலாந்துக் கிளப் இரண்டு, மூன்று ஆண்டு கொடுக்கும்.

உடம்புக் கணக்கில் இங்கிலாந்துக்குச் சாதகமான ஒரு விஷயத்தை யாரும் பேசுவதில்லை. அது பயணம். லீட்ஸ், வாரிங்டன், விகன், செயின்ட் ஹெலன்ஸ், ஹல் எல்லாம் எம்62 நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கின்றன. ஆடிவிட்டு அன்று இரவே தன் கட்டிலில் தூங்கலாம். பிரான்சின் பெர்பிஞானில் இருக்கும் காடலன்ஸ் மாதிரி ஓரிரு பயணங்கள்தான் தூரம். டவுன்ஸ்வில்லுக்கும் ஆக்லாந்துக்கும் விமானம் ஏறி, வீங்கிய முழங்காலோடு மூன்று மணி நேரம் மடங்கி உட்கார்ந்து வந்தவருக்கு இதன் அருமை தெரியும். ஆட்டத்தின் வேகமும் அங்கே கொஞ்சம் குறைவு. ஆனால் முட்டல் குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஏட்ரியன் மார்லி இரண்டு பக்கமும் பார்த்தவர். லீட்ஸிலிருந்து 2001 இல் சிட்னி ரூஸ்டர்ஸுக்கு வந்து, 2002 இல் கோப்பை வென்றார். 2003 இல் விகனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12 வினாடியில் சிவப்பு அட்டை வாங்கியதும் இவர்தான். 2007 இல் வாரிங்டனுக்குத் திரும்பினார். அப்போது வயது முப்பதை நெருங்கியிருந்தது. போனவர் ஓய்வெடுக்கவில்லை. 2009, 2010, 2012 என்று மூன்று சேலஞ்ச் கோப்பைகள். ஆட்ட வாழ்க்கையின் இரண்டாம் பாதி என்று ஒன்று அவருக்கு முழுதாகக் கிடைத்தது.

ஜேம்ஸ் கிரஹாம் இன்னொருவர். செயின்ட் ஹெலன்ஸ் அணியின் ப்ராப். 2007 முதல் 2011 வரை அந்தக் கிளப் தொடர்ந்து ஐந்து இறுதி ஆட்டங்களில் தோற்றது. 2012 இல் அவர் சிட்னியின் கேன்டர்பரிக்குப் போனார். அங்கே 2012, 2014 என்று இரண்டு இறுதியில் தோல்வி. பிறகு செயின்ட் ஜார்ஜ் இலவாரா. 2020 இன் நடுவில், 34 வயதில், செயின்ட் ஹெலன்ஸுக்கே திரும்பினார். அந்த நவம்பரில் விகனுக்கு எதிரான இறுதி 4-4 என்று நின்றது. நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் பந்து உயிரோடு இருந்தது. உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்ப, ஜாக் வெல்ஸ்பி அதைக் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்தினார். 8-4. கிரஹாம் அத்தோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டார். 28 வயதில் பெரிய சந்தையில் இருந்துவிட்டு, கடைசி மாதங்களுக்கு ஊர் திரும்பிய இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது.

இந்த வழியில் பயப்பட வேண்டியது கிளப்பின் கஜானாவைப் பற்றி. 2020 இல் டொரன்டோ வுல்ஃப்பேக் பருவத்தின் நடுவில் விலகியபோது வீரர்கள் சம்பளம் வராமல் தவித்தார்கள். 2025 இல் சால்ஃபோர்டு கிளப் பண நெருக்கடியில் சிக்கி, சம்பளம் தாமதமாகி, பருவத்தின் முதல் ஆட்டத்தில் பலவீனமான அணியை இறக்கி செயின்ட் ஹெலன்ஸிடம் 82-0 என்று தோற்றது. கையெழுத்துப் போடுமுன் பயிற்சியாளர் யார் என்று விசாரிப்பதை விட உரிமையாளர் யார் என்று விசாரிப்பது முக்கியம். குடும்பத்தோடு உலகத்தின் மறுகோடிக்குப் போய், வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு சம்பளத்துக்குக் காத்திருப்பது கொடுமை.

மூன்றாவது வழி ரக்பி யூனியன். இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஏனென்றால் இங்கேதான் முன்கள வீரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

1995 வரை இந்தக் கேள்வியே எழவில்லை. யூனியன் தன்னை அமெச்சூர் ஆட்டம் என்று சொல்லிக்கொண்டு, பணம் வாங்கி லீக் ஆடியவரை ஒதுக்கி வைத்திருந்தது. அந்த ஆண்டு யூனியனும் சம்பளம் கொடுக்கத் தொடங்க, கதவு திறந்தது. இப்போது பிரான்சிலும் ஜப்பானிலும் நல்ல பணம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்: அதே முட்டை வடிவப் பந்து, அதே பெரிய உடம்பு. முன்களத்துக்குப் பின்னால் நின்று ஆடும் பேக் வரிசையில் ஓடுபவருக்கு அது ஓரளவு உண்மையும் கூட. விங்கர் இங்கும் ஓடுவார், அங்கும் ஓடுவார்.

முன்களத்தில் அப்படி இல்லை. லீக்கில் ஸ்க்ரம் என்பது ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் சடங்கு, யாரும் உயிரைக் கொடுத்துத் தள்ளுவதில்லை. யூனியனில் பக்கத்துக்கு எட்டுப் பேர் உண்மையாகவே முட்டித் தள்ளுகிறார்கள். அங்கே ப்ராப் ஆக இருப்பது சிறு வயதிலிருந்து கழுத்தும் முதுகும் பழகிய கலை. லீக் ப்ராப் 28 வயதில் போய் அதைக் கற்க முடியாது. பெயர் ஒன்று, தொழில் வேறு. இதை விட நுட்பமான இடைஞ்சல் ஒன்றும் உண்டு. லீக்கில் பிடித்து வீழ்த்தியவுடன் வேலை முடிந்தது, எழுந்து 10 மீட்டர் பின்னால் ஓட வேண்டும். யூனியனில் பிடித்து வீழ்த்தியதும்தான் சண்டையே தொடங்குகிறது, பந்தின் மேல் குனிந்து நின்று அதைப் பிடுங்க வேண்டும். பத்து வருஷம் ஒரு திசையில் பழகிய கால்கள் யோசிக்காமல் அந்தத் திசையில்தான் போகும்.

சாம் பர்ஜெஸை எடுத்துக்கொள்ளுங்கள். யார்க்‌ஷயரின் ட்யூஸ்பரியில் பிறந்து, பிராட்ஃபோர்டில் ஆடி, 2010 இல் சவுத் சிட்னிக்கு வந்தவர். 2014 அக்டோபர் 5 அன்று இறுதி ஆட்டம். பந்தோடு ஓடிய முதல் ஓட்டத்திலேயே ஜேம்ஸ் கிரஹாமின் தலையோடு மோதிக் கன்ன எலும்பு உடைந்தது. ஆம், மேலே சொன்ன அதே கிரஹாம். வீங்கிய முகத்தோடு பர்ஜெஸ் 80 நிமிடமும் ஆடினார். சவுத் சிட்னி 30-6 என்று வென்றது. 1971 க்குப் பிறகு அந்தக் கிளப்புக்கு முதல் கோப்பை. இறுதியின் சிறந்த வீரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கம் அவருக்குத்தான். 1970 இறுதியில் உடைந்த தாடையோடு ஆடிய தலைவர் ஜான் சாட்லரின் கதையைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த கிளப் அது. அன்றிரவு பர்ஜெஸ் அந்தக் கதையோடு சேர்ந்துவிட்டார்.

அடுத்த வாரங்களில் அவர் இங்கிலாந்தின் பாத் யூனியன் கிளப்புக்குப் போனார். வயது 25. அவர் எங்கே ஆட வேண்டும் என்பதில் யாருக்கும் ஒத்த கருத்து இல்லை. பாத் முதலில் பேக் வரிசையின் நடுவில், சென்டரில் நிறுத்திப் பார்த்து, பிறகு முன்களத்தில் ஃபிளாங்கராக மாற்றியது. இங்கிலாந்து அணி அவரை 2015 உலகக் கோப்பைக்குச் சென்டராக எடுத்தது. வேல்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் அவரை வெளியே கூப்பிட்டபோது இங்கிலாந்துதான் முன்னிலையில் இருந்தது. கடைசியில் 28-25 என்று தோற்றது. அடுத்து ஆஸ்திரேலியாவிடமும் தோற்று, போட்டியை நடத்திய நாடே முதல் சுற்றோடு வெளியேறியது. பழியில் பெரும்பங்கை அவர் தலையில் கட்டினார்கள். ஓராண்டு கூடப் பழகாத ஆட்டத்தில், தன் கிளப்பில் ஆடாத இடத்தில் நிறுத்தப்பட்டவர் மேல் அந்தப் பழியைப் போட்டது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. நவம்பரில் சவுத் சிட்னிக்கே திரும்பிவிட்டார்.

இப்போது பிராட் தார்னைப் பாருங்கள். நியூசிலாந்தில் பிறந்து குயின்ஸ்லாந்தில் வளர்ந்தவர். பிரிஸ்பேன் பிராங்கோஸில் முன்கள வீரராகக் கோப்பைகள் வென்று, ஆஸ்திரேலியாவுக்கும் லீக் ஆடியவர். 2000 பருவம் முடிந்ததும் யூனியனுக்குப் போனார். அவருக்கும் அப்போது வயது 25. பர்ஜெஸின் அதே வயது! ஆனால் 2001 இல் ஆல் பிளாக்ஸ் எனப்படும் நியூசிலாந்து தேசிய யூனியன் அணிக்குத் தேர்வானபோது, இந்த ஆட்டத்தில் தொடரப் போகிறேனா என்று எனக்கே உறுதியில்லை என்று சொல்லி மறுத்துவிட்டார். கிரைஸ்ட்சர்ச்சில் கிளப் ஆட்டம் ஆடிக் கற்றுக்கொண்டார். 2003 இல்தான் கறுப்புச் சட்டையைப் போட்டார். நல்ல உயரம் என்பதால் யூனியனின் லாக் இடம் அவருக்குப் பொருந்தியது: ஸ்க்ரம்மில் பின்னாலிருந்து தள்ளுவது, விழுந்த பந்தின் மேல் குவியும் ஆட்களை அப்புறப்படுத்துவது. இடத்தை யாரும் மாற்றிக்கொண்டே இருக்கவில்லை. நடுவில் 2005 இல் லீக்குக்குத் திரும்பி 2006 இல் பிராங்கோஸோடு கோப்பை வென்றார். மறுபடி யூனியன். 2011 இல் 36 வயதில் உலகக் கோப்பை, மறு ஆண்டு அயர்லாந்தின் லென்ஸ்டரோடு ஐரோப்பிய கிளப்புகளுக்கான ஹெய்னெக்கன் கோப்பை. நியூசிலாந்துக்காக மொத்தம் 59 டெஸ்ட், அதாவது நாடுகளுக்கு இடையிலான ஆட்டங்கள்.

இருவருக்கும் வயது ஒன்று, உழைப்பிலும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஒருவருக்கு இரண்டு வருஷ அவகாசமும் ஒரே இடமும் கிடைத்தன. மற்றவருக்கு ஓராண்டுக்குள் உலகக் கோப்பையும் இரண்டு இடமும் கொடுத்தார்கள். முன்கள வீரர் யூனியன் கிளப்போடு பேசும்போது சம்பளத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, என்னை எந்த எண் சட்டையில் எத்தனை மாதம் விட்டுவைப்பீர்கள் என்பதுதான்.

சோனி பில் வில்லியம்ஸ் மூன்றாவது மாதிரி. 19 வயதில் 2004 இல் கேன்டர்பரியோடு கோப்பை வென்ற செகண்ட் ரோ. 2008 இல் ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் நடுவில், பருவத்தின் பாதியில், பிரான்சின் டூலோனுக்குக் கிளம்பிவிட்டார். விவகாரம் நீதிமன்றம் வரை போய், சுமார் 7.5 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்க்க வேண்டியிருந்தது. அவர் முன்களத்திலேயே இருக்கப் பார்க்கவில்லை. பேக் வரிசைக்கு, சென்டருக்கு நகர்ந்தார். பிடிபட்டபடியே ஒற்றைக் கையால் பந்தைத் தட்டிவிடும் அவர் வித்தை அங்கே இன்னும் மதிப்பானது. 2011, 2015 என்று இரண்டு உலகக் கோப்பைகள், நடுவில் லீக்குக்கு வந்து 2013 இல் ரூஸ்டர்ஸோடு இன்னொரு கோப்பை. அவரைப் பார்த்து முடிவெடுப்பது ஆபத்து. அந்த உடம்பும் அந்தக் கையும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, 22 வயதில் போனதும் கணக்கில் சேரும்.

இப்போது கூடுதல் ஆபத்தும் இருக்கிறது. ஆர் 360 என்ற புதிய யூனியன் போட்டி பெரும் பணத்தோடு லீக் வீரர்களை அழைத்தபோது, அங்கே போகிறவருக்கு 10 ஆண்டுத் தடை என்று 2025 இல் ஆஸ்திரேலிய லீக் ஆணையம் அறிவித்தது. 28 வயது ப்ராப்புக்கு 10 ஆண்டுத் தடை என்றால் ஆயுள் தடைதான். திரும்பி வரும் கதவு திறந்திருந்ததால்தான் பர்ஜெஸ் பிழைத்தார்.

நான்காவது வழியைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்வேன், அதன் கனம் பெரிது என்றாலும். பாய்ட் கார்ட்னர் ரூஸ்டர்ஸின் தலைவர், நியூ சவுத் வேல்ஸின் தலைவர், மூன்று கோப்பை வென்ற செகண்ட் ரோ. 2020 நவம்பரில் ஆரிஜின் முதல் ஆட்டத்தில் தலையில் அடி. ஏற்கெனவே பட்டிருந்த அடிகளோடு அது சேர்ந்தது. திரும்ப வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 2021 ஜூனில், 29 வயதில், நிறுத்துவதாக அறிவித்தார். மேலே சொன்ன 2004 கேன்டர்பரி அணியின் பயிற்சியாளர் ஸ்டீவ் ஃபோக்ஸ், ஒரு காலத்தில் அதே கிளப்பின் செகண்ட் ரோ. 2018 இல் 59 வயதில் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்தபோது சிடிஇ என்ற பாதிப்பு இருந்தது தெரிந்தது. திரும்பத் திரும்பத் தலையில் விழும் அடிகளோடு தொடர்புடைய நோய் அது. உயிரோடு இருக்கும்போது உறுதி செய்ய இன்னும் வழி இல்லை. இங்கிலாந்திலும் முன்னாள் வீரர்கள் பலர் தங்கள் மூளைப் பாதிப்புக்காக வழக்குத் தொடர்ந்திருக்கிறார்கள்.

என்ஆர்எல் 2023 இல் தலையில் அடிபட்டவர் பொதுவாக 11 நாள் ஆடக் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தது. நல்ல விதி. ஆனால் அது அடுத்த ஆட்டத்தைப் பற்றியது. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் தெளிய எடுக்கும் நாட்கள் கூடிக்கொண்டே போனால், மற்ற மூன்று வழிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே அர்த்தம் இல்லை. தோளும் முழங்காலும் வேறு. அவற்றை வெட்டித் தைக்கலாம். அதற்கும் எல்லை உண்டுதான். பர்ஜெஸ் 2019 இல் 30 வயதில் நிறுத்தியது தோள்பட்டையால்.

எனவே என் தீர்ப்பு ஆளுக்கு ஆள் மாறும். ஹூக்கருக்கு யோசிக்கவே வேண்டியதில்லை, தங்குவதுதான் நல்லது. அந்த இடத்தில் புத்தி உடம்பை விட நீண்டு உழைக்கும். கேமரன் ஸ்மித் மெல்பர்னுக்காக மட்டும் 430 ஆட்டங்கள் ஆடி 37 வயதில் விடைபெற்றார். உயரமும் கைத்திறனும் உள்ள செகண்ட் ரோவுக்கு யூனியன் ஆசை இருந்தால் 25 க்குள் போகட்டும், இரண்டு வருஷ அவகாசத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு. நடுவில் முட்டும் ப்ராப்புக்கு, அதிலும் 28 வயதில், யூனியன் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம் என்றே சொல்வேன். அவருக்கு நல்லது, என்ஆர்எல்லில் மூன்று ஆண்டு, அப்புறம் 31 இல் இங்கிலாந்தில் இரண்டோ மூன்றோ ஆண்டு. பத்து ஆண்டு ஒப்பந்தம் கையில் வந்தால் அது வேறு, ஆனால் அது ஒரு தலைமுறையில் ஓரிருவருக்குத்தான் வரும்.

அந்த மூன்று ஆண்டில் கடைசி ஆண்டை யார் கையில் விடுவது என்பதில்தான் ப்ராப் பிடிவாதமாக இருக்க வேண்டும். கிளப் விரும்பினால் நீட்டலாம் என்று எழுதினால், முப்பது வயதில் முழங்கால் வீங்கிய வாரத்தில் அவரை வெளியே அனுப்பிவிடலாம். வீரர் விரும்பினால் நீட்டலாம் என்று எழுதினால், இங்கிலாந்தோடு நிதானமாகப் பேச அவருக்கு ஒரு வருஷம் இருக்கும். அந்த ஒரு வரிக்காக ஆண்டுச் சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். கூடவே, ஒப்பந்தம் முடிந்த பிறகு செய்ய வேண்டி வரும் அறுவை சிகிச்சைக்கு யார் பணம் கொடுப்பது என்பதையும் அதே மேசையில், கையெழுத்துக்கு முன் கேட்டுவிட வேண்டும்.